ஒன்று நின்றால் மற்றொன்று

14 ஜூலை 2008, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடை.

மருத்துவமனைக்குப் புது சர்வர் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாம் மாடியில் பழைய ஸ்டோர் ரூம் நமக்கு. ஜன்னல் கிடையாது, ஏ.சி. உண்டு. வேலை: லேப், மருந்தகம், பில்லிங் மூன்றும் இப்போது தனித்தனிக் கிழட்டு கம்ப்யூட்டர்களில். மூன்றையும் விர்ச்சுவல் மெஷினாக்கி (வி.எம்., சர்வருக்குள் ஃபைலாக ஓடும் கம்ப்யூட்டர்) இந்த இரண்டில் ஏற்றணும். ஒரு சர்வர் செத்தால் அதிலிருந்த வி.எம். எல்லாம் மற்றதில் தானாகக் கிளம்பணும்.

கூட இருப்பவர் சுபீர்தா, மருத்துவமனையின் கம்ப்யூட்டர் ஆள். ஐம்பது வயது, அதனால் வங்காளி வழக்கப்படி 'தா', அண்ணா. எல்லா ஒயரையும் அவரே இழுத்தவர்.

லேப் தலைவர் டாக்டர் சுதபா எட்டிப் பார்த்தார். போன வருஷம் லேப் கம்ப்யூட்டர் ஒரு நாள் முழுக்கப் படுத்ததில், ரிப்போர்ட் கிடைக்காத ஒருவர் இவர் மேஜையைக் கவிழ்த்துவிட்டாராம்.

"இனிமே நிக்கவே நிக்காதுன்னு உங்க சேல்ஸ் ஆள் சொன்னாரே?"

"நிக்கும் மேடம். சில நிமிஷம். அப்புறம் தானா எழுந்துக்கும்."

முகம் சுளித்தார். பிறகு, "சரி, நீயாவது உள்ளதைச் சொன்னியே" என்றார்.

வரும்போது வாங்க: அரிசி மாவு, பெருங்காயம், கொசுவத்தி.

16 ஜூலை, புதன்

வெயில். பிசுபிசுப்பு.

மூன்று வி.எம்.மும் ஓடுகின்றன. அவற்றின் ஃபைல் எல்லாம் இரண்டு சர்வருக்கும் பொதுவான தனி ஸ்டோரேஜில். சர்வர்கள் இரண்டும் "இருக்கியா?" என்று ஒன்றையொன்று கேட்டபடி இருக்கும். பதில் வராவிட்டால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும்.

லேப் வி.எம்.மை ஓடும்போதே இரண்டாவதுக்கு மாற்றிக் காட்டினேன். கீழே லேப்பில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தெரியவே இல்லை. சுபீர்தா, "பாபா!" என்று வியந்தார். இன்னொரு தடவை மாற்றச் சொன்னார்.

18 ஜூலை, வெள்ளி

எரிச்சல். ஓடுவதை மாற்றுவது வேறு, செத்ததை எழுப்புவது வேறு. மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மருத்துவமனை மேனேஜர்: "சோல்ச்சே தோ! ஓடுதில்ல? ஓடறதை ஏன் பிடுங்கணும்?" போனில் என் முதலாளி: "உனக்கு முடியலைன்னா சொல்லும்மா, வேற ஆள் அனுப்பறேன்."

கார்டன் ரீச்சில் வேலை முடிந்து என் வீட்டுக்காரர் ரவி களைத்து வந்தார். சாப்பிடும்போது சொன்னேன். "ஸ்க்ரீன்ல எல்லாம் பச்சையாத்தானே இருக்கு? போட்டுத் தொலையேன்." ரசம் ஊற்றினேன். ரசத்துக்கு உப்பு போட மறந்திருக்கிறேன். அவர் அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

19 ஜூலை, சனி

டாக்டர் சுதபாவிடம் நேராகப் போனேன். கேட்டுவிட்டு மேனேஜருக்கு போன் செய்தார். "நாளைக்கு மத்தியானம் கூட்டம் இருக்காது. அரை மணி நேரம் கையால எழுதிக்கறோம். பிடுங்கட்டும்."

20 ஜூலை, ஞாயிறு

மூன்றையும் முதல் சர்வரில் வைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். மருந்தகம் எழுந்தது. பில்லிங் எழுந்தது. லேப் எழவில்லை.

மேனேஜர் என்னைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன்.

காரணம் அற்பம். லேப் பிரிண்டருக்காக யாரோ ஒரு சி.டி. ஃபைலை வி.எம்.மில் இணைத்து அப்படியே விட்டிருக்கிறார்கள். ஃபைல் இருப்பது முதல் சர்வரின் சொந்த டிஸ்கில். அது செத்துவிட்டது. இரண்டாவது எங்கே போய்த் தேடும்?

"யார் பண்ணினது இது?" மேனேஜர். சுபீர்தாவின் கண் தரையில்.

"எங்க செட்டப் சார். சரி பண்ணிடறேன்."

சி.டி.யைக் கழற்றி, முதல் சர்வரை எழுப்பி, மூன்றையும் அதற்கே திருப்பி, மறுபடி பிடுங்கினேன். இந்தத் தடவை மூன்றும் எழுந்தன. கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் சுபீர்தா மண் கோப்பையில் டீ வாங்கித் தந்தார். "நான்தான்னு தெரியும்ல? ஏன் சொல்லலே?"

"பிரிண்டர் வேலை செய்யணுமேன்னுதானே போட்டீங்க, தாதா."

அவர் குடித்து முடித்த கோப்பையை, இந்த ஊர் வழக்கப்படி, கீழே போட்டு உடைத்துவிட்டு உள்ளே போனார்.

24 ஜூலை, வியாழன்

பேய் மழை. நியூ டவுனில் வேறொரு ஆபீசில் இருந்தேன். சாப்பாட்டு வேளையில் சுபீர்தா போன். ஏ.சி. குழாய் அடைத்துத் தண்ணீர் முதல் சர்வர் மேலே கொட்டிவிட்டது. செத்துவிட்டது.

"லேப்?"

"மருந்தகம் வந்திருச்சு... லேப் இன்னும்... இரு, இரு..." லைன் கட். அப்புறம் கிடைக்கவே இல்லை.

டாக்சி பைபாசில் தண்ணீருக்குள் ஊர்ந்தது. அந்த மேஜை கவிழ்ந்த கதையே மனதில். வேறு யாராவது வேறு எதையாவது மாட்டியிருந்தால்? ஞாயிறிலிருந்து இன்றைக்குள் என்னென்ன செய்திருப்பார்கள்? சாமி பெயர் எதுவும் வாயில் வரவில்லை.

படியேறி மூன்றாம் மாடி. சுபீர்தா பேண்டை மடித்துக்கொண்டு, சொட்டும் இடத்தில் வாளியைப் பிடித்தபடி. இரண்டாவது சர்வர் மேல் பிளாஸ்டிக் ஷீட். என்னைப் பார்த்ததும் கத்தினார்: "எழுந்திருச்சு! நான் தொடவே இல்லே!"

கீழே லேப்புக்கு ஓடினேன். கவுண்டரில் கூட்டம். டைப் அடிக்கும் பெண், "நடுவுல கொஞ்ச நேரம் நின்னுச்சு தீதி, டீ குடிச்சுட்டு வந்தேன்" என்றாள். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன வயதுக்காரர் ரத்த வகை ரிப்போர்ட்டைச் சூடாகப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார். வழியில் நான், சொட்டச் சொட்ட.

"தீதி, எக்டு ஷொருன்!"

நகர்ந்தேன். ஆபரேஷன் தியேட்டர் பக்கம் ஓடினார்.