நாலு அறை

என் கண்ணு மகளுக்கு,

அன்றைக்கு அந்த ஸ்கேன் ரூமில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, நர்ஸ், படுக்கையில் நீ, உன் கையைப் பிடித்தபடி மாப்பிள்ளை, நான், கதவோரமாக உன் அப்பா. எனக்கு எதுவும் மறக்காது, உனக்கே தெரியும்.

"இதயத்துல நாலு அறையும் தெரியுது பாருங்க பாட்டி" என்றார் டாக்டரம்மா. திராட்சையளவு இதயம், அதற்குள் நாலு அறை, நாலும் விரிந்து சுருங்குகிறது! நான் கும்பிட்டுவிட்டேன். "இது டிவி மாதிரிதான் பாட்டி" என்று நர்ஸ் சிரித்தாள். சிரிக்கட்டும்.

பெரிய ரத்தக்குழாய் இரண்டும் இடம் மாறியிருக்கிறது என்றதும், "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அழுதாய்.

"யாரும் ஒரு தப்பும் பண்ணலம்மா. பெரிய ஆஸ்பத்திரியில பெத்துக்கோ, பிறந்த கையோட ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டரம்மா.

இப்போது அங்கே போக பயமாக இருக்கிறது என்கிறாயாம். போடி. பிறக்காத பிள்ளையின் நெஞ்சுக்குள்ளே எட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள், இதைவிட என்ன வேண்டும்?

உனக்கு முன்னால் பிறந்தவளை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் நீலமாகிப் போய்ச் சேர்ந்தாள். வயிற்றோடு நான் குடம் தூக்கியதுதான் காரணமாம். ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோரும் பார்க்க, என் கன்னத்தில் கிடைத்தது வேறு அறை.

'யாரும் ஒரு தப்பும் பண்ணல' என்று டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்தாறு வருஷம் காத்திருந்திருக்கிறேன். கேட்டதும் கதவோரம் நின்ற உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "நேரமாச்சு, கிளம்பலாமா?" என்றார்.

உன் அப்பாவை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

உன் அம்மா