உன் வாரத்துக்கு ஒரு கை

என் பிரியமான மச்சான் சேகருக்கு,

வாட்ச் வாங்கிவிட்டேன்டா. புதுசு இல்லை, நமக்கு எப்போது புதுசு ஒத்துவந்தது? செகண்ட் ஹேண்ட்தான். முன்பு நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோமே, அதே சுவிஸ் கம்பெனி, அதே நீல டயல். விலையைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ போன இடத்திலிருந்து எழுந்து வந்து என்னைத் திட்டுவாய். வந்து திட்டினால்கூட நன்றாயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

பலமநேர் ரோட்டில் உன் பைக் மீது லாரி ஏறி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் உன் ஜன்னலோர சீட்டை விட்டுத் தள்ளித்தான் உட்காருகிறேன். யாராவது வந்து அதில் உட்கார்ந்தால் எரிச்சலாக வருகிறது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்?

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். தவிர, உன்னிடம் பழங்கதை பேசி எத்தனை நாளாயிற்று!

திருப்பதியில் ஒரே ரூமில் கிடந்த காலம் அது. நம் கம்பெனி லைன் மேனேஜர் கையில் அந்த வாட்சைப் பார்த்ததிலிருந்து உனக்கு வேறு பேச்சே இல்லை. பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டாம், கட்டிக்கொண்டிருக்கிற கை அசைந்தால் போதும், அதுவாக ஓடும். அதில் அப்படி ஒரு மயக்கம் உனக்கு.

"ஏசி ரூம்ல குந்திக்கினு கீறவனுக்கு எதுக்குடா இது? நாமதான் காலைலேர்ந்து கைய ஆட்டிக்கினே கீறோம். நம்ம கைக்குப் போட்டா சும்மா பிச்சிக்கினு ஓடும்" என்றாய்.

ஒருவனால் ஆகிற காரியமா அது? ஆளுக்குப் பாதி போட்டுப் பழசாக ஒன்று வாங்கினோம். ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் கைமாறும். ரூம் பசங்கள் "ஒரு வாட்ச்சுக்கு ரெண்டு புருஷன்" என்று கேலி செய்தார்கள். உன் கை தடி, என் கை குச்சி. செயினை உன் அளவுக்கு வைத்துவிட்டாய் படுபாவி, என் வாரத்தில் அது வளையல் மாதிரி மேலும் கீழும் ஓடும். ஆனால் ஒரு நாளும் நின்றதில்லை. உன் கையிலிருந்து இறங்கும், என் கையில் ஏறும், ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் என் மகள் மீனு பிறந்தாள். நாள் ஆகும் முன்னே பிறந்து, சித்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன், என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ வராண்டாவில் திருமலை இருக்கிற திசையைப் பார்த்து நின்று கைகூப்பினாய். குழந்தை பிழைத்தால் நிலுவுதோப்பிடி செய்கிறேன் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாய்.

நிலுவுதோப்பிடி என்றால் சும்மாவா? வேண்டிக்கொண்ட நேரத்தில் உடம்பில் என்னென்ன இருந்ததோ, கழுத்து, காது, கை என்று அத்தனையையும் கழற்றிப் பெருமாள் உண்டியலில் போட்டுவிட வேண்டும். நம் பக்கத்தில் விவரமானவர்கள் முதலில் நகையைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டுத்தான் வேண்டிக்கொள்வார்கள். நீ எந்தக் காலத்தில் விவரமாக இருந்தாய்? அது உன் வாரம். வாட்ச் கையில் இருக்கும்போதே வேண்டிக்கொண்டாய்.

மீனு பிழைத்தாள். அவளுக்கு மொட்டையடிக்க மலையேறினோம். அன்றைக்கு என் வாரம், வாட்ச் என் கையில். உண்டியலுக்குப் போகிற வரிசையில் நின்றுகொண்டு கையை நீட்டினாய்.

"கழட்டிக் குடு மச்சான்."

"டேய், இதுல பாதி என்னுதுடா!"

"வேண்டிக்கினப்போ என் கையிலதான இருந்திச்சி? முழுசாதான் இருந்திச்சி. சாமிகிட்ட போயி பாதின்னு சொல்ல முடியுமா?"

"அதுக்கு?"

"உன் பாதி உன் பொண்ணுக்கு. என் பாதியும் உன் பொண்ணுக்கு. குடுடா, தள்றாங்க பாரு."

பின்னாலிருந்து ஜனம் தள்ளியது. கொடுத்துவிட்டேன். வெள்ளி அரைஞாணையும் மோதிரத்தையும் சேர்த்து நீ உண்டியலுக்குள் கையை விட்டபோது, உன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததே, அது என்ன சிரிப்பு? கேட்க வேண்டும் என்று நினைத்தேன். லட்டு வாங்குகிற அவசரத்தில் விட்டுப்போயிற்று. இப்போது யாரைக் கேட்பது?

இறங்கி வரும்போது பஸ்ஸில் சொன்னாய், "இன்னொன்னு வாங்கிக்கலாம் மச்சான், நாம எங்கியாவது போயிடப் போறோமா?" என்று. போய்விட்டாயேடா.

போன மாதம் ஒரு சேதி கேள்விப்பட்டேன். உண்டியலில் விழும் வாட்சுகளைக் கோயிலில் ஏலம் விடுகிறார்கள், அதை மொத்தமாக எடுத்துப் பழுது பார்த்து விற்கிற கடை ஒன்று திருப்பதி டவுனிலேயே இருக்கிறது என்று. அன்று வேலை முடிந்ததும் நேராக அங்கே போனேன். கடைக்காரம்மா தெலுங்கு. ஒரு தட்டு நிறைய வாட்சுகளைக் கொண்டுவந்து வைத்தார். நம் வாட்சைத் தேடினேன். பெட்ரோல் பங்கில் டேங்க் மூடி திறக்காமல் நீ வாட்ச் கொக்கியால் நெம்பினாயே, அந்தக் கீறலை வைத்துத்தான் தேடினேன். நீல டயல் ஒன்று வந்ததும் சட்டென்று எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். கீறல் இல்லை.

அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "ஏமி தம்பி, மீரு வேசிந்தா? நீங்க போட்டதா?" என்று கேட்டார். "அன்னிக்கி பக்தில போட்டுட்றாங்க, அப்பறம் வந்து தேடறாங்க. சாமிக்கிக் குடுத்தத திருப்பி கேக்ககூடாது நாயனா."

"நான் போட்டத தேடல அக்கா. அவன் கட்டிக்கினு இருந்தத தேடறேன்" என்றேன். அவர் கடைப் பையனைக் கூப்பிட்டார். டீ வாங்கிவரச் சொன்னார்.

அந்த நீல டயலையே எடுத்துக்கொண்டேன். இதுவும் யாரோ யாருக்காகவோ கழற்றிப் போட்டதுதானே? அந்த மனிதர் வேண்டியது நடந்ததா என்று அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன். செயினை என் அளவுக்குக் குறைக்கட்டுமா என்று அந்தம்மா கேட்டார். வேண்டாம் என்றேன், உன் கைக்குச் சரியான அளவு அது.

முதல் வாரம் என்னுடையது. கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள், பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த டீக்கடையிலேயே கழற்றினேன். கழற்றிய பிறகுதான் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தேன். அசையாமல் கிடந்தால் எத்தனை நேரம் ஓடும்? செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் நின்றிருந்தது.

"நைனா, மாமா வாட்ச்சு செத்துப்போச்சா?" என்றாள் மீனு. என் மனைவி வள்ளி அவள் வாயைப் பொத்தினாள். அப்புறம் என்னிடம், "நீயே கட்டிக்கினு போயேன், யாரு கேக்கப் போறாங்க?" என்றாள். யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் அது உன் வாரம்டா. உன் வாரத்தை நான் எப்படிக் கட்டிக்கொள்வேன்? நின்றுபோன அதைப் பார்க்கவும் முடியவில்லை. துணியைப் போட்டு மூடினேன்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு உன் ஊர் ராமகுப்பத்துக்கு பஸ் ஏறினேன். உன் காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுப் பக்கம் நான் அதிகம் போகவில்லை. உன் அம்மா முகத்தில் உன் மூக்கு இருக்கிறது, என்ன செய்யச் சொல்கிறாய்? அம்மா கொல்லையில் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை அறுத்துக்கொண்டிருந்தார். வாட்சை எடுத்துக் காட்டினேன். உன் வாரம், என் வாரம் எல்லாம் அவருக்கும் தெரிந்த கதைதான்.

"ஏண்டா ரத்னம், இது நின்னுபோயிகிதே?"

"இது சேகரு வாரம்மா. கட்டிக்கிற கை ஆடினாதான் ஓடும். சும்மா கெடந்தா நின்னுடும்."

அம்மா வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தார்.

"குடு இங்க. எங் கை எப்படா சும்மா இருந்திச்சி?"

உன் அளவுச் செயின், அம்மாவின் மெலிந்த கை. மணிக்கட்டில் நிற்கவில்லை. முழங்கைக்குக் கிட்டே ஏற்றி இறுக்கிக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடி செடிக்குள் போனார். இரண்டு கட்டு இலை அறுத்ததும் கையை என் பக்கம் நீட்டினார். செகண்டு முள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா அழுதார். நானும் அழுதேன். உன் காரியத்தன்றுகூட வராத அழுகை.

நீ சொன்னது சரிதான் மச்சான். நம் கைக்குப் போட்டால் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது.

உன் வாரம் முடிந்த ஞாயிறு போய் வாங்கிவந்தேன். செயின் இடுக்கெல்லாம் இலைப்பால். நான் கழுவவில்லை. மறு ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். "வந்ததுதான் வந்த, துன்னுட்டு போ" என்று களி கிண்டிப் போட்டார். நீ உட்காரும் இடத்தில்தான் என்னை உட்கார வைத்தார். இந்த முறை எனக்கு எரிச்சல் வரவில்லை.

வாக்குக் கொடுக்கிறேன் சேகரு. பஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ராமகுப்பத்தில் இருப்பேன். ஒரு வாரம் கொடுக்கப் போவேன், ஒரு வாரம் வாங்கப் போவேன். உன் வாரத்தில் இனி அது நிற்காது.

உன் பாதிக்கும் சேர்த்துப் பிள்ளையாக இருக்கிற,
உன் மச்சான்,
முனிரத்தினம்