இடது முன்சக்கரத்தில் ஒரு டொக்

மார்ச் 1, ஞாயிறு

காருக்குப் புது ஷாக் அப்சார்பர் போட்டாகிவிட்டது. போட்டவன் தம்பி. நான் கூடமாட நின்றேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தேன், மற்ற நேரமெல்லாம் "பாத்துடா, பாத்துடா" என்று தொணதொணத்தேன்.

பழையது நாலும் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தன. சின்னப் பள்ளம் வந்தாலும் கார் தவளை மாதிரி தாவும். அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு முனகுவாள். செவ்வாயும் வியாழனும் அவளை முதுகுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். அங்கே சரி செய்து அனுப்புவதை வீடு வந்து சேருவதற்குள் இந்தக் கார் கெடுத்துவிடும். எங்கள் வண்டிக்குக் கம்பெனி உதிரிபாகம் இனி வராதாம். வேறொருவர் தயாரித்ததைத் தம்பிதான் தேடிப் பிடித்து வரவழைத்தான்.

ஆனால் இன்று எழுத வேண்டியது அதுவல்ல. அவன் பின்னறையை விட்டு வெளியே வந்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளியே இருந்தான்!

வேலை பார்த்த தொழிற்சாலை மூடி, அந்தச் சூடு ஆறுவதற்குள் அவன் மனைவியும் பிரிந்து போய், போன மழைக்காலத்தில் ஒரு பெட்டியோடு இங்கே வந்தவன். அன்று உள்ளே நுழைந்ததுதான், இன்னும் தெருவில் கால் வைக்கவில்லை. தெருவை நினைத்தாலே நெஞ்சை அடைக்கிறது என்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான். "அவசரப்படுத்தாதீங்க" என்றார், போனிலேயே அவனைப் பார்க்கிற டாக்டர். சரி, படுத்தவில்லை.

இன்று கையெல்லாம் கிரீஸ் அவனுக்கு. ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும் அதன் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தான்.

"நட்டுக்கு எதுக்குடா நாமம்?"

"நட்டு நகந்தா கோடும் நகரும்க்கா. பாத்ததும் தெரிஞ்சிடும்." சிரித்தான்கூட.

ஓட்டிப் பார்க்க நான் மட்டும்தான் போனேன். அவன் கேட்டுக்கு உள்ளே நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி பஞ்சு மாதிரி போயிற்று. தெருமுனை வரை.

தெருமுனையில் — டொக்.

மார்ச் 2, திங்கள்

டொக். கற்பனை இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

அவனிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியுமா, சக்கர விஷயமாயிற்றே.

"டொக்கா, டக்கா?"

"டொக்."

"லொட லொடன்னு ஆடுதா?"

"இல்லடா, ஒரே ஒரு டொக். அப்புறம் இன்னொரு டொக்."

சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டிக் காட்டினேன். பிறகு கதவில். பிறகு தண்ணீர்க் குடத்தில். எதுவும் அதுவாக இல்லை. அம்மா சமையலறையிலிருந்து, "அங்க என்ன கச்சேரி?" என்றாள்.

டிக்கியைக் காலி செய்யச் சொன்னான். ஜாக்கி, குடை, நாலைந்து காலி பாட்டில், அம்மா எப்போதோ தொலைத்துவிட்டு எங்களையெல்லாம் சந்தேகப்பட்ட கண்ணாடி. எல்லாம் இறங்கின. சத்தம் இறங்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

அம்மாவோடு போய் வந்தேன். முன்பிருந்த குலுக்கல் சுத்தமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு டொக்குக்கும் அம்மா கதவுக்கு மேலிருக்கும் பிடியை எட்டிப் பிடித்தாள்.

"யாரோ கதவத் தட்றாங்கடி. யாருன்னு கேளு."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமலா தட்டுது? சக்கரம் கழண்டு நமக்கு முன்னால ஓடுச்சுன்னா நீதான் இறங்கித் தொரத்தணும், சொல்லிட்டேன்."

சாப்பிடும்போது தம்பி அவள் முகத்தையே பார்த்தான், எப்படி இருந்தது என்று கேட்கிற மாதிரி. அம்மாவுக்குப் பொய் வராது. "முதுகுக்கு நல்லாத்தான்டா இருக்கு. நெஞ்சுக்குத்தான் ஆகல."

அவன் பாதித் தட்டில் எழுந்துவிட்டான். போய் இடது முன்சக்கரத்தைக் கழற்றி ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாக் கோடுகளும் போட்ட இடத்தில்தான் இருந்தன. மறுபடி மாட்டினான். மறுபடி ஒரு சுற்றுப் போனேன்.

டொக்.

திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினேன். அவன் கையைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

மார்ச் 7, சனி

நான் வேலை பார்க்கும் பல்செட் லேபுக்கு ஒரு பல்செட் திரும்பி வந்திருக்கிறது. நான் செய்ததுதான். பேசும்போது "டொக் டொக்" என்கிறதாம். இந்த வாரம் எனக்கு எழுதி வைத்தது இப்படி. பல் பதிக்கிற மெழுகை விளக்கில் சூடு பண்ணிக்கொண்டே தனியாகச் சிரித்தேன், பக்கத்து மேஜைக்காரி பயந்துபோய் விளக்கைத் தள்ளி வைத்தாள்.

தம்பி இன்று அறையிலிருந்து இரண்டு முறைதான் வந்தான். பழையபடி ஆகிவிடுவானோ? ஒரு டொக்குக்காகவா?

மார்ச் 9, திங்கள்

அவனிடம் சொல்லாமல் மெக்கானிக்கிடம் போனேன்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஊஹூம். எதைக் காட்டினாலும் முதலில் அதைத்தான் சொல்வார். இன்று வண்டியை மேலே ஏற்றி, புது ஷாக் அப்சார்பரைப் பார்த்ததுமே, "ஊஹூம். யாரு மேடம் இதப் போட்டது?"

"வெளில ஒருத்தர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகத்தில் இருந்த இளக்காரம் தம்பிமேல் விழ வேண்டாம் என்று. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இல்லை, என்மேல் விழ வேண்டாம் என்றா?

அவர் சக்கரத்தைக் குறுக்குக் கம்பியோடு இணைக்கிற லிங்க் என்ற துண்டில் ஒரு நட்டை இறுக்கினார். "இது கொஞ்சம் லூசு. ஆனா இந்தப் பாகமே சரியில்ல மேடம். கழட்டிப் போட்டுட்டுப் பழைய வண்டி ஒண்ணுலேர்ந்து கம்பெனி செட்டு எடுத்துத் தரேன், யோசிங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதே இடத்தில் அதே டொக்.

மார்ச் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டான். கோடு.

நான் அம்மாவைக் கூட்டிவந்து நிறுத்தியதும், வழக்கம்போலக் குனிந்து சக்கரத்துக்குள் டார்ச் அடித்தான். அப்படியே நின்றான். லிங்க் நட்டின் மேலிருந்த வெள்ளைக் கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி மேலே பார்த்தது, ஒரு பாதி பக்கவாட்டில்.

"யாருக்கா கைய வச்சது?"

சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மார்ச் 11, புதன்

சாப்பாட்டை வாசலில் வைத்தோம். எடுத்துக்கொண்டான், தட்டைக் கழுவி வைத்திருக்கிறான். பேச்சு இல்லை.

எனக்கு என்னதான் அவசரம்? ஒரு சத்தம், அவ்வளவுதானே! காரை வித்துத் தொலைச்சிட்டு ஆட்டோல போயிருந்தா என்னவாம்? ஆனா அம்மா உக்கார்ற வண்டி. சக்கரம் சம்பந்தப்பட்டது. பயந்தேன், போனேன். அது தப்பா? போனது தப்பில்லை. சொல்லாமப் போனதுதான். "வெளில ஒருத்தர்"ன்னு சொன்னேனே, அது எந்தக் கணக்குல சேரும்?

அம்மா அவன் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

மார்ச் 12, வியாழன்

சாயங்காலம் தண்ணீர் வைக்கப் போனேன். சாத்திய கதவுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"அந்த ஆளு முறுக்குன பிறகு சத்தம் மாறிச்சா?"

"இல்லடா."

"கொஞ்சம்கூட?"

"அதே டொக்."

"அப்போ லிங்க் இல்ல."

தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுக் கதவில் காதை வைத்தேன்.

"பெரிய பள்ளத்துல வருதா, சின்ன மேட்டுலயா?"

"சின்னதுலதான். பெரிசுல ஒண்ணுமே இல்ல."

கதவு திறந்தது. தாடியும் தலையுமாக, கண் மட்டும் பளிச்சென்று. "இத ஏன்க்கா இத்தன நாளா சொல்லல?"

"நீ கேக்கலயே!"

அம்மா நாற்காலியிலிருந்தே, "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான், சந்தேகமே இல்ல" என்றாள்.

மெக்கானிக் கடையில் நான் "வெளில ஒருத்தர்" என்று சொன்னதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். "சரி விடு. சத்தம் வந்துக்கிட்டே இருந்தா நானும் அப்படித்தான் சொல்லிருப்பேன்" என்றான். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

மார்ச் 14, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் நான் கார் சாவியை எடுத்தபோது தம்பி செருப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா பார்த்தாள், நான் பார்த்தேன், இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

"நீ சொல்றது எனக்குப் புரியலக்கா. நானே கேக்கணும்."

முன்சீட்டில் உட்கார்ந்தான். கேட்டைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டான். தாண்டியதும் குனிந்து, தலையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். கேட்கிறானா, பயத்தில் சுருண்டிருக்கிறானா, எனக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்தது. சட்டை முதுகில் ஈரம்.

"திரும்பிடலாமாடா?"

"பேசாதக்கா. கேக்க மாட்டேங்குது."

தெருமுனை மேடு. டொக்.

"இன்னொரு தடவை."

டொக்.

"இன்னும் மெதுவா."

எத்தனை முறை அந்த மேட்டில் ஏறி இறங்கினேனோ! எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் குழாயைப் போட்டுவிட்டு வந்தார். "என்னம்மா, எதாவது தொலஞ்சுபோச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி தலையைத் தூக்கி, ஜன்னல் வழியாக, "சத்தம் தேடறோம்ங்க" என்றான்.

"கிடைச்சுதா?"

"கிட்ட வந்துட்டோம்."

வெளியாள் ஒருவரிடம் அவன் பேசி எத்தனை மாதம்! எனக்குக் கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியவில்லை, வண்டி நின்றுவிட்டது.

"கீழ இல்லக்கா," என்றான், எதையும் கவனிக்காமல். "கால்ல ஒண்ணும் தெரியல. டாஷ்போர்டுல கை வச்சா தெரியுது. மேல வருது. ஷாக் அப்சார்பர் தண்டோட உச்சியில."

வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்தோம். உச்சியில் இருக்கிற நட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, என்னை வண்டியின் மூக்கை அமுக்கச் சொன்னான். அமுக்கி விட்டேன். அவன் முகம் மாறியது. பிறகு என் கையை இழுத்து அங்கே வைத்து, அவன் அமுக்கினான்.

இருந்தது. என் உள்ளங்கைக்குள், நாடி மாதிரி. டொக்.

அதற்குப் பிறகு குளித்துவிட்டுப் படுத்தவன்தான், வெளிச்சம் போகும்வரை தூங்கினான். பாறை சுமந்தவன் தூக்கம்.

மார்ச் 15, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

இரண்டு பக்கத்தையும் கழற்றினான். தண்டின் உச்சியில், நட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய வாஷர் வர வேண்டும். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. வலதைக் கழற்றியபோது கையில் வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், நகத்தால் ஓரத்தைக் கிளறினான். இரண்டாகப் பிரிந்தது. இரண்டு வாஷரும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு ஒன்று மாதிரி வலது பக்கமே போயிருக்கின்றன. இடது பக்கம் வெறும் நட்டு. முறுக்கினால் இறுகியது போலவே இருக்கும், உள்ளே மட்டும் ஒரு நூல் ஆட்டம். பெரிய பள்ளத்தில் கனம் ஒரே பக்கமாக அழுத்திவிடுவதால் சத்தம் வராதாம். சின்ன மேட்டில்தான் மேலும் கீழும் முட்டுமாம். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

தரையில் உட்கார்ந்து சிரித்தான். "என் தப்புதான்க்கா! முழுக்க முழுக்க என் தப்பு!" பரீட்சையில் தேறியவன் மாதிரி அதை ஊருக்கே கேட்கும்படி சொன்னான். அம்மா பதறிப்போய் ஓடி வந்தாள், முதுகு வலியை மறந்து.

பொருத்தி, முறுக்கி, புதுக் கோடு போட்டு, சக்கரத்தை மாட்டியதும், அவனே என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான். தெருமுனை மேடு.

ஒன்றுமில்லை.

திரும்பி வந்து மறுபடி. ஒன்றுமில்லை. "நேரா போக்கா" என்றான். போனேன். பெரிய சாலை வரை போய்த் திரும்பினோம். குனியவில்லை, ஆனால் கதவுப் பிடியை விடவுமில்லை.

மார்ச் 16, திங்கள்

ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினேன், சத்தமில்லாததைக் கேட்பதற்காகவே.

மார்ச் 19, வியாழன்

அம்மா வழியெல்லாம் தூங்கினாள். இறங்கும்போது, "தட்டிக்கிட்டு இருந்தவங்க போயிட்டாங்களா?" என்றாள்.

வரும் வழியில் மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். "அன்னிக்கு வெளில ஒருத்தர்னு சொன்னேன் இல்லீங்களா, அது என் தம்பி. சத்தத்தையும் அவனே கண்டுபிடிச்சிட்டான்."

அவர் வண்டியின் ஒரு மூலையை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு முறை அமுக்கினார். "ம்," என்றார். ஊஹூமிலிருந்து ம். பெரிய முன்னேற்றம்.

மார்ச் 28, சனி

தம்பியோடு மருந்துக்கடைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் அவனுக்கு வியர்த்துவிட்டது, திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும், "அடுத்த வாரம் திரும்பப் போலாம்" என்றான். அதை அவனாகத்தான் சொன்னான்.

ஏப்ரல் 8, புதன்

காலையில் அவசர அவசரமாக நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். "அக்கா, இன்னிக்கு வண்டி எனக்கு வேணும். முடி வெட்டிக்கிட்டு, அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

"தாடியையும் எடுத்துட்டு வா, மூஞ்சி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே. அவள் கையிலிருந்த கரண்டி மட்டும் கிளறாமல் நின்றிருந்தது.

கூட யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

பஸ்ஸில் போனேன். உட்கார இடம் கிடைக்கவில்லை, வேலையிடம் வரை நின்றுகொண்டே. ஒருவர் என் காலை நன்றாக மிதித்துவிட்டு, "மன்னிச்சிடுங்க" என்றார். "பரவாயில்லைங்க" என்றேன். நிஜமாகவே பரவாயில்லை.