நேத்து சீவின மரம்

7 ஜூலை 2025, திங்கள்

பேக்டரியில சாப்பாட்டு நேரம். வாட்ஸ்அப்பைத் திறந்தா, எங்க ரப்பர் தோட்டத்துப் பள்ளி பழைய மாணவர் குழுவுல அழகேசன் போஸ்டர் போட்டிருக்கான். "நம் தோட்டத்தின் முதல் கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கியவர் மோரிஸ் பேசுகிறார். சனி 19, கோலா கெத்தில் மண்டபம்."

மோரிஸா? அடப்பாவி! அதை எழுதினது நான்.

எனக்கு என்ன வேலை? கீழே போட்டிருக்கான்: "லோகேஸ்வரி அக்கா, கேசரி உங்க பொறுப்பு லா."

8 ஜூலை

கோபம் அடங்கல.

1985. மோரிஸோட அப்பா தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி. அம்மா காலையில ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்துட்டு, மத்தியானம் அவங்க வீட்டுல பாத்திரம் கழுவும். கூடவே நானும் போவேன். பதிமூணு வயசு. ஹால்ல டிவியோட மாட்டின ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பித்தானெல்லாம் ரப்பர், எங்கம்மா சீவின பாலோ என்னவோ. மோரிஸ் பத்து நிமிஷத்துல அலுத்துப்போய் பந்தடிக்க ஓடிருவான். நான் கம்ப்யூட்டரோட வந்த புத்தகத்தைப் பார்த்து BASIC மொழியைக் கத்துக்கிட்டேன். 10, 20, 30னு வரி. ஒரு கமா தப்பினாலும் கம்ப்யூட்டர் திட்டும். கேசட்டுல பதியும்போது கீச்சுனு ஒரு கத்தல் — என்ன சுகம் அது!

மழை கொட்டுறதுக்குள்ள, மரத்துல கட்டின கிண்ணம், அந்த மங்குல இருக்கிற பாலையெல்லாம் எடுக்கணும். அதான் நான் எழுதின விளையாட்டு. மோரிஸ் அதை ஸ்கூல்ல காட்டிப் பரிசு வாங்கினான். நான் வாயைத் திறக்கல. திறந்தா அம்மாவை வேலையை விட்டு நிறுத்திருவாங்க.

10 ஜூலை

மோரிஸுக்குப் போன் போட்டேன். "நாப்பது வருசம் ஆச்சு லோகேஸ், இப்ப என்ன? கம்ப்யூட்டர் எங்க வீட்டுதுதானே?"

கம்ப்யூட்டர் உன்னுது. மூளை யாருது?

11 ஜூலை

அழகேசன்கிட்ட கேசரி செய்ய முடியாதுன்னுட்டேன். "என்னக்கா, கோவமா?" ஆமா.

19 ஜூலை, சனி

மண்டபத்துக்குப் போனேன்.

மோரிஸ் அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிட்டு வந்திருந்தான். கேசட்டும் ஏறிருச்சு! பெரிய திரையில என் மரங்க. அவனே ஆடிக் காட்டினான். விளையாட்டுல முதல் நாள் நல்லாப் போச்சு. ரெண்டாம் நாளும் அதே நிரை மரங்களுக்குப் போனான். மங்கெல்லாம் காலி. மழை வந்து தோத்தான். மறுபடி ஆடினான், மறுபடியும் தோத்தான். மைக்ல சிரிக்கிறான்: "சின்ன வயசுல எழுதினதுல்ல, கோளாறு இருக்கும் லா."

கோளாறா? எழுந்துட்டேன். எனக்கெதுக்கு மைக்? முப்பது வருசமா மெஷின் சத்தத்துல கத்தின தொண்டை இது.

"கோளாறு இல்ல மோரிஸ்! நேத்து சீவின மரத்தை இன்னைக்கு எவன்டா சீவுவான்? ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். பக்கத்து நிரைக்குப் போ!"

போனான். மங்கு நெறைய பாலு.

மண்டபத்துல பாதிப் பேரு மரம் சீவினவங்க. "கிராணி மகனுக்கு இதெல்லாம் எப்படிய்யா தெரியும்!"னு மணியம் அண்ணன் கேட்டாரு பாரு, ஒரே சிரிப்பு. மோரிஸ் முகம் செத்துப்போச்சு. எனக்குப் பாவமாவே இல்ல.

23 ஜூலை

மோரிஸ் கூப்பிட்டான். "ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சோம்னு பழைய மாணவர் மலர்ல போட்டுருவோமா?"

"முடியாது. கம்ப்யூட்டர் உன்னுது, விளையாட்டு என்னுது. அப்படியே போடு."

அப்புறம், "சரி லோகேஸ். தப்புதான்."

9 ஆகஸ்ட்

மலர் வந்துருச்சு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன்: "விளையாட்டை எழுதியவர் செல்லாயி மகள் லோகேஸ்வரி." மறுபடி படின்னுச்சு. படிச்சேன்.

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"உன் வேலை போயிருமேம்மா."

எழுபத்தெட்டு வயசு. நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுருச்சு.

"போகட்டுமேடி! அவன் வீட்டுப் பாத்திரத்தை நடுவாசல்ல போட்டு உடைச்சுட்டு உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே, மடச்சி!"