தயிர்ச் சட்டி

1986 ஜனவரி, வெள்ளி இரவு.

குடியேற்றத்துக்குக் காவல் கேட்டு நாலைந்து பேர் இன்று இராணுவ முகாமுக்குப் போனோம். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுபோனேன். வாய்க்காலுக்கு அக்கரையில் மாடு வைத்திருக்கும் மயில்வாகனம் காலையில் தந்த தயிர் அது. "சட்டிய மறக்காமத் தாங்க காக்கா" என்றான், அண்ணன் முறை வைத்து. தயிர் யாருக்கென்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முகாம் பெரியவர் நல்ல மனிதர். தயிரை வழித்துச் சாப்பிட்டபடியே எங்கள் பயத்தையெல்லாம் கேட்டார். பிறகு, "சரி, நாளைக்கே சென்றிக் காவல் போடுறம். துவக்குக் குழல் எந்தப் பக்கம் பாக்கணும்?" என்றார். போன கிழமை எங்கள் வயல்வாடிக் குடிசை எரிந்த இரவில் காலடிச் சத்தம் மேற்கிலிருந்துதான் கேட்டது. யாருடைய கால்களோ. என் கை தானாக மேற்கே நீண்டது. அந்தப் பக்கம்தான் அக்கரை.

"காவல் தருவாங்களாமா?" என்று பெண்சாதி கேட்டாள். "ஓம்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். அவள் இப்படித் தூங்கி எத்தனை நாள்!

வெளியே நிலவு. விளைந்த கதிரெல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடக்கிறது. எது என் வயல், எது அவன் கரை, நடுவில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது, ஒன்றும் பிரிந்து தெரியவில்லை. கண் சொருகும்போதெல்லாம் மயில்வாகனத்தின் எருமைகள் கதிர்களின்மேல் சத்தமில்லாமல் நீந்தி வருகின்றன.

சட்டி முகாமிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு அவன் நாளைக்கு வாய்க்காலைக் கடந்து வருவான்.