அச்சுப்பிழை இல்லை

வியாழன் இரவு.

காலையில் வடக்குப்பட்டு ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். நான் ஓடி வரும்போதே கிளம்பிவிட்டது. கை நீட்டினால் தொடும் தூரம்வரை போய்விட்டேன். அதன் பிறகு எவ்வளவு ஓடியும் பஸ் விலகிக்கொண்டே போனது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த ரோசி அக்கா மதியம் கேன்டீனில் கேட்டார்: "இன்னாடி, இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தா புட்ச்சிருப்பியே?"

"இல்லக்கா, எம்புட்டு தூரம் ஓடுனாலும் பிடிக்க முடியாது" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

பிளஸ் ஒன்னில் இன்னும் தேறாமல் கிடப்பது இயற்பியல் மட்டும்தான். நேற்று போட்ட கணக்கும் இதேதான். பஸ் நின்ற இடத்திலிருந்து நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. இருபது மீட்டர் பின்னால் ஒருவர் நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். பிடிப்பார் என்று எழுதினேன். பிடிக்க மாட்டார் என்றது புத்தகம். ஓரத்தில் 'அச்சுப்பிழை' என்று பேனாவால் எழுதிவைத்தேன். என்ன திமிர் எனக்கு!

இரண்டு வருடமாகக் கம்பெனி அசெம்பிளி லைனில் ஒரே வேகத்தில் நகரும் பெல்ட்டையே பார்க்கிறேன். கணக்கில் பஸ்ஸையும் பெல்ட் மாதிரி ஒரே வேகத்தில் ஓடவிட்டுவிட்டேன்.

இப்போது சரியாகப் போட்டேன். ஆறாவது நொடியில் இடைவெளி இரண்டு மீட்டர். அதற்குமேல் குறையாது.

'அச்சுப்பிழை'யை அடித்துவிட்டேன். இதே புத்தியில் போட்ட கணக்கு இன்னும் பதினான்கு இருக்கிறது. ரூமில் கூட இருப்பவர்கள் விளக்கை அணைத்துவிட்டார்கள். செல்போன் வெளிச்சத்தில் மூன்றை முடித்துவிட்டேன். நான்காவதில் ஒரு லாரி பிரேக் போடுகிறது. அது நிற்கும்வரை தூங்க மாட்டேன்.