கடல் தின்ற கவர்மெண்ட் மணல்

1928 மார்ச் 12

கிளேபாங் கடற்கரையில் கடல் அரித்த இடத்தில் கவர்மெண்ட் மணல் கொட்டும் வேலை இன்றோடு முடிந்தது. நாற்பது நாள் மாட்டு வண்டிகள் போய் வந்தன. ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியான நான் ஃபைலில் "பணி பூர்த்தி" என்று எழுதி நூலால் இறுக்கிக் கட்டினேன். காஜா பெராங்கில் உள்ள வீட்டுக்கு வந்ததும் மனைவி ரோஷனிடம், "உன் அக்கா வீடு தப்பியது" என்றேன். உண்மையில் தப்பியது நான். கரை போனால் அவள் அக்கா பஷீரா மதினி எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். ஒன்பது வாத்துகளோடு.

மே 30

மூன்று நாளாகச் சுமத்திராக் காற்று, புயல்போல்.

ஜூன் 2

மணலில் பாதியைக் காணோம். வாத்துகளை ஏற்றிவர மதினி கூடை வாங்கிவிட்டாராம்.

ஜூன் 18

மறுபடி மணல் கேட்டு மதினியின் இரண்டாவது பெட்டிஷன் ஆபீசுக்கு வந்தது. பதில் எழுதத் துரை என்னிடமே தந்தார். அவர் சொன்னபடி எழுதினேன்: கரை அரிப்பு இயற்கையின் செயல், அரசாங்கம் ஒருமுறை உதவிவிட்டது, அதோடு அதன் கடமை முடிந்தது. நல்ல இங்கிலீஷ். எழுதி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

ஜூன் 24

அந்தக் கடிதத்தை நானே மதினிக்குப் படித்துச் சொல்லவேண்டி வந்தது. எழுதியது யார் என்று சொல்லவில்லை.

"ஒரு வேளை சோத்தைப் போட்டுட்டு, இனிமே பசிச்சா எங்க பொறுப்பில்லேங்கிற மாதிரில்ல இருக்கு! எழுதுனவன் கையை வாத்து கொத்த!" என்றார்.

ரோஷனுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் கையெழுத்து தெரியும். கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மத்தியானம் எனக்கு மீன் வால்தான் கிடைத்தது.

ஜூலை 9

மூன்றாவது பெட்டிஷன் வந்ததும் துரை நேரில் பார்க்கப் புறப்பட்டார். மதினிக்குத் தமிழ்தான் வரும் என்று நினைத்து, மொழிபெயர்க்க என்னையும் அழைத்துப்போனார்.

மதினி ஆரம்பித்தார். "அந்தக் கல்லுச் சுவரைக் கடலுக்குள்ள கட்டுனது யாரு? அதுக்கு அந்தப் பக்கம் மணல் மலையாக் குவிஞ்சு கெடக்கு. இந்தப் பக்கம் ஒரு பிடி வர்றதில்ல. வர்ற மணலை மறிச்சது கவர்மெண்ட். அப்ப சுவரு நிக்கிற வரைக்கும் மணல் போட வேண்டியதும் கவர்மெண்ட்தான்!"

நான் துரையிடம், "கடல் சற்றுக் கடுமையாக இருக்கிறதாம்" என்றேன்.

"ஏன் மாப்பிள்ளை, நான் இவ்வளவு பேசுனேன், நீங்க இத்துணூண்டுதான் சொல்றீங்க?" என்ற மதினி, துரை பக்கம் திரும்பி மொத்தத்தையும் மலாயில் கொட்டினார். துரைக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு எங்காவது ஒளிந்துகொண்டால் தேவலை என்றிருந்தது.

துரை சுவர்வரை நடந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். "கிராணி, இயற்கையின் செயல் என்று எழுதினோமே. உனக்கு என்ன தெரிகிறது?"

பதினேழு வருட உத்தியோகம்.

"சுவர்தான் தெரிகிறது, ஐயா."

ஒரு வாத்து வந்து துரையின் பூட்ஸைக் கொத்தியது.

ஜூலை 11

என்னைத் தூரத்து லாபுவான் தீவுக்கு மாற்றப்போவதாக ஆபீசில் பேச்சு. ஏன்தான் வாயைத் திறந்தேனோ? — ஆனால் சுவர் இருக்கிறதே, இல்லையென்று எப்படிச் சொல்ல?

ஜூலை 31

லாபுவான் இல்லை! துரையின் உத்தரவு வந்தது: சுவர் நிற்கும் காலம்வரை ஆண்டுதோறும், காற்றுக்காலத்துக்கு முன், அரசாங்கமே மணல் போடும். கரையை அளந்து அறிக்கை தரவேண்டியவன் நான். கம்பத்து ஊர்க்காரர்கள் சார்பில் மணலை ஒப்புக்கொண்டு கைநாட்டு வைக்கவேண்டியவர் மதினி.

இது பதவி உயர்வா, தண்டனையா? ரோஷன் சிரித்துச் சிரித்து இருமினாள்.

1929 மார்ச் 3

மதினி கைநாட்டு வைக்கவில்லை. சேறு கலந்த மணலாம். பன்னிரண்டு வண்டி திரும்பிப் போயிற்று. வண்டிக்காரர்கள் என்னைத் திட்டினார்கள்.

மார்ச் 9

நல்ல மணல். வைத்தார்.

1931 பிப்ரவரி 4

பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். புதியவர் நம் ஃபைலைத் திறந்தாரோ இல்லையோ என்று மதினிக்குச் சந்தேகம். புதுப் பெட்டிஷன் எழுத என்னை வரவழைத்தார். இந்த முறை நானே எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். முதல் வரி முடியவில்லை, சாலையில் மாட்டு மணிச் சத்தம். யாரும் கேட்காமலே மணல் வந்துகொண்டிருந்தது.

மதினியின் முகம் விழுந்துவிட்டது. "என்ன மாப்பிள்ளை இது? எவ்வளவு சேத்து வெச்சிருந்தேன் பேசுறதுக்கு!"

பிறகு எழுந்துபோய், முதல் வண்டியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, விரல்களில் தேய்த்துப் பார்த்தார்.

"ம். கொட்டச் சொல்லுங்க."